பழைய கீர்த்தனை மெட்டுகள்: ஒலிப்பதிவு தந்து உதவ வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் தென்னிந்தியத் திருச்சபைச் சபைகளில் வளர்ந்தவர்களிடம் ஓர் உதவி கேட்டு எழுதுகிறேன். டிசம்பர் மாத விடியற்காலையில், பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுமந்தவர் முன்னே செல்ல, பிள்ளைகள் பின்னே தெருத்தெருவாகப் பாடிச்சென்ற பஜனைக் கீர்த்தனைகளின் பழைய மெட்டுகளைத் தொகுத்து வருகிறேன்.

நாங்கள் வைத்துப் பாடிய கீர்த்தனைப் புத்தகத்தில் ராகமும் தாளமும் பல்லவி, அனுபல்லவி, சரணங்களும் அச்சாகியிருந்தனவே தவிர, சுரக்குறிப்பு இல்லை. ஆகையால் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய பாடல்களைக்கூட ஊருக்கு ஊர் வெவ்வேறு மெட்டில் பாடக் கேட்டிருக்கிறேன். எங்கள் சபையை நடத்திய ஊழியரான உபதேசியார் ஜால்ராவைத் தட்டியபடி இரண்டாம் சரணத்தில் திடீரென்று பாடும் வேகத்தைக் கூட்டுவார். தூங்கி வழிந்த எங்களை எழுப்பவே அப்படிச் செய்தார் என்பது என் ஊகம். கீபோர்டின் தாளக்கட்டில் அந்த ஓட்டம் அகப்படுவதில்லை.

உங்கள் வீட்டில் பழைய ஒலிநாடா இருந்தாலோ, பாடக்கூடிய பெரியவர்கள் இருந்தாலோ, கைபேசியில் பதிவுசெய்து அனுப்புங்கள். குரல் நடுங்கினாலும், ஒரே ஒரு சரணம்தான் நினைவில் இருந்தாலும் போதும். ஊர், பாடலின் முதலடி, எந்தப் பண்டிகையில் பாடப்பட்டது என்பவற்றைத் தவறாமல் குறிப்பிடுங்கள். அறுப்பின் பண்டிகை, சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகை ஆகியவற்றின் பாடல்களும் தேவை. பாடியவரின் சம்மதம் பெற்றபின் பதிவை இங்கேயே இடலாம்.