ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா? சாலையோர வீட்டுக்காரர்கள் உதவுங்கள்

வணக்கம். ஓயாமல் வண்டி ஓடும் சாலையை ஒட்டி, முதல் மாடியில் குடியிருக்கிறோம். மகளுக்கு ஆஸ்துமா. மருத்துவர் தந்த இன்ஹேலர் தொடர்கிறது, அதில் சந்தேகம் இல்லை. கேள்வி வீட்டுக் காற்றைப் பற்றியது.

காற்றில் மிதக்கும் மிகச் சிறிய தூசியான பிஎம் 2.5 நுண்துகளின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொல்லிவிட்டது. அதற்கு முன்பு 10. எங்கள் வீட்டுச் சின்னக் கருவி 5-ஐக் காட்டி நான் பார்த்ததே இல்லை! (ஈரப்பதம் ஏறினால் மலிவுக் கருவிகள் கூட்டிக் காட்டும் என்பதும் தெரியும்.) ஜன்னலை மூடினால் தூசி குறைகிறது. ஆனால் இரவில் கரியமில வாயு சேர்ந்து, காலையில் எல்லோருக்கும் தலை கனக்கிறது. சமையல் புகையும் உள்ளேயே சுற்றுகிறது. சரி, விடியற்காலையில் திறக்கலாம் என்றால், குளிர்காலத்தில் அப்போதுதான் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து புகையை மேலே போக விடுவதில்லை.

ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வாங்க யோசனை. துகளைப் பிடிக்கும், கரியமில வாயுவை ஒன்றும் செய்யாது. வண்டிப் புகையின் நைட்ரஜன் டை ஆக்சைடுக்குக் கரி வடிகட்டியும் வேண்டுமாம். ஓசோன் விடும் வகை வேண்டவே வேண்டாம், அது ஆஸ்துமாவைக் கிளறும்.

நீங்கள் எந்த நேரத்தில் ஜன்னல் திறக்கிறீர்கள்? வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் விசிறி யாராவது பொருத்தியிருக்கிறீர்களா? சாலையோர வீட்டில் வடிகட்டி எவ்வளவு நாள் தாங்குகிறது? எங்களுடையது வாடகை வீடு, சுவரில் பெரிய ஓட்டை போட முடியாது. அப்புறம், விற்பனை இணைப்புகள் வேண்டாம், பயன்படுத்திய அனுபவம் போதும்.