நொறுங்குமை வளைவா, இறுமை வளைவா?

அன்புள்ள குழுவினருக்கு,
நிலநடுக்கத்தில் கட்டடம் இடிந்துவிழும் வாய்ப்பைக் கணக்கிடும் ஒரு மென்பொருளைத் தமிழாக்குகிறேன். திங்கட்கிழமை கோப்பை ஒப்படைக்க வேண்டும். ‘ஃபிரஜிலிட்டி கர்வ்’ என்ற இடத்தில் நிற்கிறேன். கிடை அச்சில் அதிர்வின் வலிமை, நெடு அச்சில் 0 முதல் 1 வரை நிகழ்தகவு. படுத்துக் கிடக்கும் கோடு நடுவில் விறுவிறுவென ஏறி, மேலே மறுபடி படுத்துவிடும். இப்போதைக்கு ‘நொறுங்குமை வளைவு’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

* * *

வேண்டாம். கண்ணாடிபோல் வளையாமல் உடைவதைத்தான் என் அமைப்பியல் வகுப்பில் நொறுங்குமை என்கிறேன். நன்றாக வளைந்துகொடுக்கும் எஃகுச் சட்டகத்துக்கும் இந்தக் கோடு உண்டு. மாணவர் குழம்பிப்போவார். ‘இடிவு வளைவு’ என்றும் சுருக்க முடியாது. பேரிடர் இழப்பைக் கணிக்கும் அமெரிக்காவின் ஹாசஸ் மென்பொருளில் லேசானது, மிதமானது, கடுமையானது, முழுமையானது என்று நான்கு சேத நிலைகளுக்கும் தனித்தனிக் கோடு. முழுச் சேதமடைந்தவற்றிலும் ஒரு பங்குதான் இடிந்து விழும்.

* * *

ஐயா, ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற குறள் இருக்க வேறு சொல் எதற்கு? மயிலிறகானாலும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சு இறும், அதாவது முறியும். அச்சின் வலு, ஏற்றிய அளவு இரண்டும் அந்த வினைக்குள் வந்துவிடுகின்றன. ‘இறுமை வளைவு’ என்போம். இற்றுப்போன கயிறு என்று இன்றும் சொல்கிறோமே! இறுதி, ஈறு எல்லாம் இதே வேர். ஈற்றெழுத்து, ஈற்றடி...

* * *

வேர் அழகுதான் அம்மா. ஆனால் திரையில் ‘இறுமை’ என்று பார்ப்பவர் இறுக்கம், உறுதி என்றல்லவா படிப்பார்? பொருள் தலைகீழாகிவிடும். அதிலும் இது உயிர் சம்பந்தப்பட்ட மென்பொருள். ‘சேத வாய்ப்பு வளைவு’ போதும்.

* * *

சேதம் வடசொல். ‘சிதைவு வாய்ப்பு வளைவு’ எனலாமே.

* * *

அதை ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமா 2009-இல் வெளியிட்ட பி-695 முறைப்படி, கருத வேண்டிய மிகக் கடுமையான அதிர்வில் ஒரு கட்டட வகையின் இடிவு வாய்ப்பு சராசரியாக 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ‘இடிவு நிலைக்கான சிதைவு வாய்ப்பு வளைவில் இதைப் பார்க்கவும்’: தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ‘வல்னரபிலிட்டி கர்வ்’ வேறு. அது இழப்பின் அளவைச் சொல்வது. அதற்கு ‘இழப்பு வளைவு’ என்று வைத்தால் இரண்டும் மோதாது.

* * *

அனைவருக்கும் நன்றி. நால்வர் ‘சிதைவு வாய்ப்பு வளைவு’ பக்கம் இருப்பதால் அதையே கோப்பில் ஏற்றிவிட்டேன்.

* * *

ஏற்றுங்கள். மூன்று சொல்லை ஒரு பொத்தானில் எப்படி அடைப்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். என் வாக்கு இன்னும் இறுமைக்கே.