முழுநேர டிரெய்லர் பயணம்: வாங்கும் முன், கிளம்பும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

வழிப்போக்கன்

வணக்கம். அடுத்த ஏப்ரலில் வீட்டு லீஸ் முடிகிறது. அதற்குப் பிறகு ஒரு வருடமாவது டிரெய்லரிலேயே தங்கி அமெரிக்காவைச் சுற்றுவதாகத் திட்டம். நான், மனைவி, எட்டு வயதுப் பையன். எங்களிடம் இருப்பது ஹாஃப்-டன் பிக்கப் டிரக். 11,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். பார்த்து வைத்திருப்பது 28 அடி டிராவல் டிரெய்லர். காலி எடை 5,900 பவுண்டு, ஜிவிடபிள்யூஆர் (சாமானோடு சேர்த்து அதிகபட்ச எடை) 7,600, டங் வெயிட் (டிரக் கொக்கி மேல் அமுங்கும் எடை) 680. "இன்னும் 3,000 பவுண்டுக்கு மேல் இடம் இருக்கிறது, கவலையே வேண்டாம்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

இதுவரை எதையும் இழுத்துப் பழக்கமில்லை. இருவருக்கும் ரிமோட் வேலை. எனக்கு ஹெச்-1பி வேலை விசா, மனைவிக்கு ஹெச்-4 இஏடி (துணைவருக்கான வேலை அனுமதி). எதிலிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

கொக்கிவளையம்

அந்த 11,000-ஐ மறந்துடுங்க. டிராவல் டிரெய்லரை இழுக்கிற ஹாஃப்-டன்னுக்கு முதல்ல தீர்ந்துபோறது இழுக்கிற சக்தி இல்ல, பேலோட் (டிரக் மேலேயே ஏத்தக்கூடிய எடை). டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல மஞ்சள், வெள்ளை ஸ்டிக்கர் ஒண்ணு இருக்கும்: ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல போகக் கூடாதுன்னு. அந்த எண்ணைச் சொல்லுங்க. அப்படியே பின்னாடி குனிஞ்சு ஹிட்ச் ரிசீவர்ல (கொக்கி செருகுற சதுரக் குழாய்) ஒட்டியிருக்கிற லேபிளையும் பாருங்க. அதுல டங் வெயிட்டுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும்.

வழிப்போக்கன்

கதவு ஸ்டிக்கரில் 1,620. ரிசீவரில், வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (ஸ்பிரிங் பார்களால் எடையை எல்லா அச்சுக்கும் பிரித்துவிடும் கொக்கி) போட்டால் 1,100 என்று இருக்கிறது.

கொக்கிவளையம்

சரி, கணக்கு போடுவோம். டேங்க் நிறைய பெட்ரோல் அந்த 1,620-ல ஏற்கெனவே கழிச்சாச்சு, டிரைவர் கழிக்கப்படல. மூணு பேருக்கு 400 பவுண்டு. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சே 100 பவுண்டு வரும். ஜெனரேட்டர், டூல் பெட்டி, மரக்கட்டைகள், பையனோட சைக்கிள்னு டிரக்கோட பின் தொட்டியில ஒரு 200. மிச்சம் 920.

இப்ப டங் வெயிட். பிரசுரத்துல இருக்கிற 680 காலி டிரெய்லருக்கானது. பல கம்பெனிகள் அதுல பேட்டரியையும் புரொபேனையும்கூட சேர்க்கிறதில்ல. ரெண்டு 20 பவுண்டு சிலிண்டர் நிரப்பினா கூடுடன் சேர்த்து 75 பவுண்டு, அது முழுக்க டிரெய்லரோட முன்மூக்குலதான் உட்காரும். வீட்டையே காலி பண்ணிட்டு வர்றவங்க டிரெய்லர் எப்பவும் ஜிவிடபிள்யூஆரை ஒட்டித்தான் நிக்கும். 7,600-ல 13 சதவீதம் 988. உங்ககிட்ட இருக்கிறது 920. தாண்டியாச்சு.

மூக்கு எடையைக் குறைச்சு இதைச் சரிக்கட்டலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. மொத்த எடையில 10 முதல் 15 சதவீதம் கொக்கி மேல இருக்கணும். அதுக்குக் கீழ போனா டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிச்சிடும். பின்னாடி பம்பர்ல சைக்கிள் ஸ்டாண்டு மாட்டுறது, அச்சுக்குப் பின்னாடி இருக்கிற தண்ணி டேங்கை நிரப்பிட்டு ஓட்டுறது ரெண்டுமே மூக்கைத் தூக்கிவிடும். தண்ணி ஒரு காலனுக்கு 8.3 பவுண்டு, 40 காலன்னா 330-க்கு மேல.

அதனால ரெண்டே வழி: ஜிவிடபிள்யூஆர் 7,000-க்குள்ள இருக்கிற டிரெய்லர், இல்லேன்னா முக்கால்-டன் டிரக் (ஹாஃப்-டன்னுக்கு அடுத்த கனமான வகை). 7,000 கூட 13 சதவீதக் கணக்குல 910 வரும், சும்மா ஒட்டிக்கிட்டு நிக்கிற அளவுதான். நீளமும் 24, 25 அடிக்குள்ள இருந்தா பக்கக் காத்துல கை வலிக்காது, பழைய பூங்காக்கள்ல இடம் கிடைக்கிறதும் சுலபம்.

வாங்கி சாமான் ஏத்தின உடனே ஒரு டிரக் ஸ்டாப்ல கேட் ஸ்கேலுக்கு (லாரி எடை போடற மேடை) போங்க. மூணு தடவை எடை: முழுசா மாட்டி ஸ்பிரிங் பார் போட்டு ஒண்ணு, பாரைக் கழட்டிட்டு ஒண்ணு, டிரெய்லரை ஓரமா விட்டுட்டு டிரக் மட்டும் ஒண்ணு. ரெண்டாவது சீட்டுல டிரக்கோட முன்னச்சு, பின்னச்சு ரெண்டையும் கூட்டி, அதுல மூணாவது சீட்டோட மொத்தத்தைக் கழிச்சா உண்மையான டங் வெயிட். முதல் சீட்டு மொத்தத்துல மூணாவதைக் கழிச்சா டிரெய்லர் எடை. மூணாவது எடை போடறப்பவும் எல்லாரும் டிரக்குக்குள்ளயே இருக்கணும், இறங்கிட்டா கணக்கு கெட்டுடும்.

அச்சாணி

எடைக் கணக்கு டயர் வரைக்கும் போகணும். இந்த அளவு டிரெய்லர்களில் பலதுக்கு எஸ்டி205/75ஆர்14 (எஸ்டி என்றால் டிரெய்லருக்கான டயர்), லோட் ரேஞ்ச் சி (தாங்கும் எடை வகுப்பு) டயர்தான் வரும். 50 பிஎஸ்ஐ காற்றில் ஒரு டயர் தாங்குவது 1,760 பவுண்டு, நாலும் சேர்ந்து 7,040. ஏழாயிரம் பவுண்டு டிரெய்லரில் கொக்கி மேல் போகும் 900-ஐக் கழித்தால் 6,100 டயர் மேல். ஏட்டில் போதும் போலத்தான் தெரியும். ஆனால் சாமான் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் (சமையல் பக்கம், வெளியே நீளும் ஸ்லைடு அறைப் பக்கம் எப்போதுமே கனம்) அந்தப் பக்க டயர் இரண்டும் எல்லையைத் தொட்டுவிடும். அதே அளவில் லோட் ரேஞ்ச் டி போட்டால் 65 பிஎஸ்ஐயில் 2,040. மாற்றும்முன் ரிம் 65 தாங்குமா என்று ரிம்மின் முத்திரையைப் பாருங்கள். ரப்பர் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு போடுங்கள்.

காற்றை டயர் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். வெடிக்கிற டிரெய்லர் டயர்களுக்குப் பெரும்பாலும் காரணம் குறைந்த காற்றும் வேகமும்தான். சூடு ஏறி உள்ளடுக்கு பிரிந்துவிடும். பல எஸ்டி டயர்களுக்கு 65 மைல்தான் உச்சவேகம். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் சட்டப்படியே 55. டயர் பக்கவாட்டில் டாட் (DOT) எண்ணின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 3522 என்றால் 2022-ன் 35-வது வாரம். ஐந்தாறு வருடம் தாண்டிவிட்டால் பட்டன் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

புது டிரெய்லர், அல்லது சக்கரம் கழற்றி மாட்டியது: 10, 25, 50 மைலில் நிறுத்தி நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் சக்கரம் கழன்று ஓடிய டிரெய்லர்கள் நிறைய.

பிரேக் கன்ட்ரோலர் (டிரெய்லர் பிரேக்கை டிரக்கிலிருந்து இயக்கும் கருவி) டிரக்கில் கம்பெனியே கொடுத்திருந்தால் நல்லது. சாமான் ஏற்றிய பிறகு காலியான சமதளச் சாலையில் 20–25 மைல் வேகத்தில் போய், டிரக் பிரேக்கைத் தொடாமல் கன்ட்ரோலர் நெம்பை மட்டும் முழுசாக அழுத்துங்கள். டிரெய்லர் சக்கரம் இறுகிச் சறுக்கினால் கெயினை (பிரேக் பிடிக்கும் பலம்) கொஞ்சம் குறையுங்கள். வண்டி சும்மா உருண்டுகொண்டே போனால் ஏற்றுங்கள். சறுக்குவதற்குச் சற்று முன்னால் நிற்கிற எண்தான் சரி.

எலெக்ட்ரிக் டிரம் பிரேக்கை முதல் 200 மைலிலும், பிறகு 3,000 மைலுக்கு ஒருமுறையும் சரிசெய்யச் சொல்கிறார்கள் அச்சு தயாரிப்பவர்கள். பேரிங் கிரீஸ் வருடத்துக்கு ஒருமுறை அல்லது 12,000 மைல். அச்சு முனையில் கிரீஸ் நிப்பிள் இருக்கிறதே என்று கிரீஸ் துப்பாக்கியை வைத்து வேகமாக அடிக்காதீர்கள். உள் சீல் தாண்டிக் கிரீஸ் பிரேக் ஷூவில் பூசிக்கொள்ளும், பிறகு ஷூவையே மாற்ற வேண்டியதுதான்.

வால் ஆட ஆரம்பித்தால்: டிரக் பிரேக்கில் கால் வைக்காதீர்கள், ஸ்டீயரிங்கை வெட்டாதீர்கள். ஆக்சிலரேட்டரை மெதுவாக விட்டு, கன்ட்ரோலர் நெம்பைக் கையால் அழுத்துங்கள். டிரெய்லர் பிரேக் மட்டும் பிடிக்கும்போது அது பின்னாலிருந்து இழுத்து நேராகிவிடும். நெம்பு எங்கே என்று பார்க்காமலே கை போகிற அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

முப்பது_ஆம்ப்

கரண்ட் பக்கம் நான் சொல்றேன். 25 அடி டிரெய்லருக்கு 30 ஆம்ப் கனெக்ஷன், 120 வோல்ட், மொத்தம் 3,600 வாட். ஏசி 13 ஆம்ப், வாட்டர் ஹீட்டரோட எலெக்ட்ரிக் எலிமென்ட் 12, மைக்ரோவேவ் 13. மூணும் ஒண்ணா ஓடினா 38. பிரேக்கர் விழும், அது நல்ல விஷயம். கெட்ட விஷயம் என்னன்னா, 28, 29 ஆம்ப்ல மணிக்கணக்கா ஓடினா பிரேக்கர் விழாது. தேய்ஞ்சுபோன பெடஸ்டல் (கேம்ப்சைட் கரண்ட் கம்பம்) சாக்கெட்ல பிளக் சூடாகி உருகும். ஏசி ஓடும்போது வாட்டர் ஹீட்டரை கேஸ்ல போடுங்க. வந்து சேர்ந்த அன்னிக்கு அரை மணி கழிச்சுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்க.

வெறும் சர்ஜ் புரொடெக்டர் போதாது, இஎம்எஸ் (வோல்டேஜைக் கண்காணிக்கிற கருவி) வாங்குங்க. வோல்டேஜ் 104-க்குக் கீழ இறங்கினா அது துண்டிச்சுடும். ஏசி கம்ப்ரஸரைக் கொல்றது பெரும்பாலும் கோடை மத்தியானத்து லோ வோல்டேஜ்தான். பெடஸ்டல் பிரேக்கரை ஆஃப் பண்ணிட்டு மாட்டணும், ஆஃப் பண்ணிட்டுக் கழட்டணும்.

கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்ல 30 ஆம்ப் சாக்கெட் போடச் சொல்லி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டா ஜாக்கிரதை. மூணு முனையைப் பார்த்ததும் துணி டிரையர் லைன்னு நினைச்சு 240 வோல்ட் கொடுத்துடுவாங்க. செருகின நொடியில மைக்ரோவேவ், கன்வர்ட்டர் (பேட்டரியை சார்ஜ் பண்றது), ஏசி போர்டு எல்லாம் போகும். மீட்டர் வெச்சு 120-ன்னு நீங்களே பார்த்துட்டுச் செருகுங்க.

ரெண்டு பேருக்கும் ரிமோட் வேலைங்கிறதால பேட்டரியைத் தனியா யோசிக்கணும். கூட வர்ற லெட்-ஆசிட் 100 ஆம்ப்-அவர்னா பாதிதான் உபயோகம், 50. ஃபர்னஸ் விசிறி ஓடும்போது 7 ஆம்ப் இழுக்கும். குளிர் ராத்திரியில மொத்தமா ஆறு மணி நேரம் ஓடினாலே 42 காலி. ஸ்டார்லிங்க் டிஷ் 50 முதல் 75 வாட், பத்து மணி நேரத்துக்கு அதுவே 50 ஆம்ப்-அவரைத் தின்னும். அதனால ஹூக்கப் (கரண்ட், தண்ணி இணைப்பு) இல்லாத இடத்துல வேலை பார்க்கணும்னா லித்தியம் ஃபெர்ரோ பாஸ்பேட் 200-க்குக் குறையாம வேணும். ரெண்டு விஷயம்: பழைய கன்வர்ட்டர் அதை முழுசா சார்ஜ் பண்ணாது, லித்தியம் புரொஃபைல் உள்ளதா மாத்தணும். பேட்டரி உறைநிலைக்குக் கீழ இருக்கும்போது சார்ஜ் ஏத்தக் கூடாது, அதனால முடிஞ்சா உள்ளேயே வைங்க. அப்புறம், பேட்டரியைக் கழட்டிட்டு ஓட்டாதீங்க. டிரெய்லர் டிரக்கை விட்டுக் கழண்டுட்டா பிரேக்அவே சுவிட்ச் அதோட பிரேக்கைப் பிடிக்க வைக்கிறது அந்தப் பேட்டரியாலதான்.

தண்ணி: குழாய்ல 45–50 பிஎஸ்ஐ ரெகுலேட்டர் இல்லாம இணைக்காதீங்க. வாட்டர் ஹீட்டர் டேங்க்ல தண்ணி நிரம்பி வெந்நீர்க் குழாய்ல வர்றதைப் பார்த்த பிறகே எலெக்ட்ரிக் சுவிட்சைப் போடுங்க. காய்ஞ்ச டேங்க்ல எலிமென்ட் நிமிஷத்துல போயிடும். பிளாக் டேங்க் (டாய்லெட் கழிவு) வால்வு எப்பவும் மூடியே இருக்கணும். திறந்தே வெச்சா தண்ணி மட்டும் ஓடிடும், மிச்சம் மேடு கட்டிக் காய்ஞ்சிடும், அப்புறம் ஆள் வெச்சுத்தான் சுத்தம் பண்ணணும். முக்கால் டேங்க் நிறைஞ்சதும் பிளாக்கை விட்டு, அடுத்தது கிரே (குளியல், சமையல் தண்ணி). ஹோஸ் தானா கழுவிடும். முடிஞ்சதும் டாய்லெட் வழியா ரெண்டு மூணு காலன் தண்ணி விட்டு வைங்க.

மேற்கூரை

சுருக்கமாக: டிரெய்லரைக் கொல்வது மழைத்தண்ணீர். வாங்கும்முன் ஏணி போட்டு மேலே ஏறுங்கள். வென்ட், ஸ்கைலைட், ஏசி ஓரம், முன்முகப்பு சேரும் கோடு எல்லா இடத்திலும் சீலன்ட் வெடித்திருக்கிறதா பாருங்கள். உள்ளே மூலைகளில் ஈரமானி வைத்துப் பாருங்கள். ஜன்னலடியில் தரை மெத்தென்று அமுங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே வேலை. கிடைமட்டத்துக்கு தானாகப் பரவும் லேப் சீலன்ட், செங்குத்துக்கு வழியாத வகை. சிலிக்கான் வேண்டவே வேண்டாம், அடுத்த முறை அதன்மேல் எதுவும் ஒட்டாது.

அஞ்சல்பெட்டி

இவ்வளவும் சரி. ஆனால் ஹெச்-1பி என்று சொன்னதை யாரும் தொடவில்லையே. உங்கள் எல்சிஏவில் (ஹெச்-1பிக்காகக் கம்பெனி கொடுக்கும் தொழிலாளர் விண்ணப்பம்) வேலை செய்யும் இடம் எழுதப்பட்டிருக்கிறது. வீட்டிலிருந்து வேலை என்றால் அந்த வீடே பணியிடம். அந்தப் பெருநகரப் பகுதியைத் தாண்டி வேறிடத்தில் இருந்து வேலை பார்க்க ஆரம்பித்தால் திருத்தப்பட்ட மனு தேவை. குறுகிய கால விலக்கு உண்டு, ஆனால் அது ஒரு வருடச் சுற்றுப்பயணத்துக்கு ஆகாது. டிரெய்லருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் கம்பெனியின் குடிவரவு வழக்கறிஞரிடம் எழுத்தில் கேளுங்கள். இஏடி வைத்திருக்கும் மனைவிக்கு இந்தக் கட்டு இல்லை. முகவரி மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11 (முகவரி மாற்றப் படிவம்) தாக்கல் செய்வது இருவருக்கும், அமெரிக்கக் குடிமகன் இல்லையென்றால் பையனுக்கும் பொருந்தும்.

நிரந்தர முகவரிக்கு முழுநேரப் பயணிகள் பெரும்பாலும் பிடிப்பது டெக்சாஸ், சவுத் டகோட்டா, புளோரிடா. மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. ஆனால் வேறு மாநிலத்தில் இருந்துகொண்டு வேலை பார்த்தால் அந்த மாநிலம் வரி கேட்கலாம், அதனால் கம்பெனி பேரோலுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பையன் இருப்பதால் வீட்டுக்கல்விச் சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள்: டெக்சாஸில் பதிவே தேவையில்லை, புளோரிடாவில் மாவட்டத்துக்கு அறிவிப்பும் வருடாந்திர மதிப்பீடும் உண்டு.

காப்பீட்டில் 'முழுநேரக் குடியிருப்பு' என்று சொல்லியே பாலிசி எடுங்கள். சாதாரண பொழுதுபோக்குப் பாலிசி குடியிருப்பவருக்கு உதவாது. உற்பத்தியாளர் வாரண்டியிலும் முழுநேரம் தங்கினால் செல்லாது என்று பல கம்பெனிகள் போட்டிருக்கும். கையெழுத்துக்கு முன் அந்தப் பத்தியைத் தேடுங்கள்.

வழிப்போக்கன்

28 அடியை விட்டுவிட்டேன். வழக்கறிஞருக்கு இன்றே மெயில் போடுகிறேன். ஒன்றே ஒன்று: கேம்ப்சைட்டில் போய் நின்றதும் எந்த வரிசையில் செய்வது? வீடியோக்களில் ஆளுக்கொரு விதமாகச் செய்கிறார்கள்.

கொக்கிவளையம்

முதல்ல இறங்கி நடந்து பாருங்க: கிளை, பெடஸ்டல் தூரம், ஸ்லைடு திறக்க இடம். டிரக்கோட மாட்டியிருக்கும்போதே பக்கவாட்டு மட்டம், தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்குக் கீழ பலகை வெச்சு. அடுத்து ரெண்டு பக்கமும் சக்கரக்கட்டை. கட்டை வைக்காம கொக்கியைக் கழட்டவே கூடாது. அதுக்கப்புறம் ஸ்பிரிங் பார், செவன்-பின் (லைட், பிரேக்) வயர், பிரேக்அவே கேபிள், செயின், கப்ளர் (டிரக்கோட கொக்கிப் பந்தைக் கவ்வுற பூட்டு). டிரக்கை நகர்த்திட்டு மூக்கு ஜாக்கால முன்பின் மட்டம். கடைசியா நாலு மூலை ஸ்டெபிலைசர். அது ஆட்டத்தை நிறுத்தத்தான், வண்டியைத் தூக்க இல்ல, தூக்கினா சட்டம் முறுக்கிக்கும்.

மாட்டும்போது கப்ளர் பூட்டினதும் ஜாக்கால ரெண்டு அங்குலம் தூக்கிப் பாருங்க. டிரக்கோட பின்பக்கமும் கூடவே எழும்பினா பந்து சரியா உட்கார்ந்திருக்கு. செயினைக் குறுக்கா, கீழ தொட்டில் மாதிரி. ஆன்டெனா, வென்ட் மூடி, படி, மூக்கு ஜாக், சக்கரக்கட்டை: இந்த அஞ்சையும் ஒருத்தர் பார்த்து முடிச்சப்புறம் இன்னொருத்தர் தனியா ஒரு சுத்து வரணும். அந்த நேரத்துல பக்கத்து சைட்காரர் பேச்சுக் கொடுத்தா, முதல்ல இருந்து ஆரம்பிங்க.