சம்பளத்துல வெட்டுனாங்க, ஈபிஎப்ல ஏறவே இல்ல: கண்டி சொப்ட்வெயார் கம்பனி அனுபவம்

கம்பனி பேரு வேணாம். கண்டியில ஒரு சின்ன எடம், தேயிலத் தோட்டங்களுக்கு செக்ரோல் சொப்ட்வெயார் செஞ்சு குடுக்குறாங்க, யாரு வேலைக்கு வந்தாங்க எத்தன கிலோ கொழுந்து எடுத்தாங்கன்னு பதிஞ்சு சம்பளக் கணக்கு போடுறது. எங்கம்மா கொழுந்து எடுக்குறவங்க, அதனால இந்த வேல கெடச்சதும் அவ்வளவு ஆசையா போய் சேந்தேன்.

உள்ள எல்லாமே தலகீழ். என்ன செய்யணும்னு எழுத்துல ஒன்னுமே வராது, மொதலாளி ராத்திரி வாட்ஸ்அப்ல வாய்ஸ் போடுவாரு, காலையில கேட்டா நான் அப்பிடி சொல்லலியேம்பாரு. டெஸ்ட் பண்ண தனி சேர்வர் கேட்டோம், செலவுன்னுட்டாரு, மாத்துறதெல்லாம் தோட்டங்க பாவிக்கிற டேட்டாபேஸ்லயே நேரடியா.

தோட்டத்துல பத்தாந் தேதி சம்பளம்னா சனம் அத நம்பித்தான் கடையில கடன் வாங்கியிருக்கும். ஒருக்கா ஒன்பதாந் தேதி பின்னேரம், புது கஸ்டமருக்கு காட்டணும் ரிப்போர்ட்ட மாத்துன்னாரு. இன்னைக்கு வேணாம் சேர்னு எங்க சீனியர் அண்ணன் கெஞ்சுனாரு, கேக்கல. மாத்துனதுல புள்ளிக்குப் பின்னால உள்ளது பறந்துருச்சு, 18.7 கிலோ எடுத்தவங்களுக்கு 18ன்னு விழுது, ஒவ்வொரு நாளும் அப்பிடியே. மறுநா கிளாக்கர் போன் பண்ணி "தம்பி, சீட்டுல ஒரு கணக்கு இங்க ஒரு கணக்கு, பொம்பளைங்க எல்லாம் ஒபிஸ் வாசல்ல நிக்கிறாங்க"ன்னாரு. எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு, நிக்கிறது எங்கம்மா மாதிரி ஆளுங்க. நாங்க ராவெல்லாம் முழிச்சு சரி பண்ணுனோம், மொதலாளி தோட்டத்துக்கு சொன்னது "பொடியன்மார் செஞ்ச பிழை". அந்த அண்ணன் அந்த மாசமே விலகிட்டாரு.

இதையெல்லாம் விட ஆத்திரம் ஈபிஎப், அதான் ஊழியர் சேமலாப நிதி. மாசாமாசம் சம்பளத்துல 8 வீதம் வெட்டுவாங்க, கம்பனி 12 வீதம் போட்டு அடுத்த மாசம் முடியிறதுக்குள்ள கட்டணும், ஈடிஎப்புக்கு, அதான் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு, கம்பனி 3 வீதம் வேற. கணக்க பாத்தா மாசக்கணக்கா ஒன்னும் ஏறல, ஆனா சம்பளச் சீட்டுல வெட்டுனது அழகா இருக்கு! கேட்டதுக்கு ப்ரொஜெக்ட் காசு வரட்டும்னாரு. எங்க காச வெட்டிட்டு அது என்ன பேச்சு? சீட்டெல்லாம் எடுத்துக்கிட்டு நாங்க மூணு பேரு சேந்து லேபர் ஒபிஸ்ல முறைப்பாடு குடுத்தோம், விசாரணைக்கு கூப்பிட்ட பொறகுதான் கட்டத் தொடங்குனாரு.

*

ராகலையிலிருந்து ஒருத்தர்:
நான் கொழும்பு கம்பனி ஒன்னுக்கு வீட்டுல இருந்தே வேல செஞ்சேன். 2022 மார்ச் கடைசியில நாட்டுக்கே 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டுன நேரம், மேனேஜருக்கு ஸ்க்ரீன்ல பச்ச லைட் எரியலன்னா நான் வேல செய்யலன்னு அர்த்தம், அந்த மணித்தியாலத்துக்கெல்லாம் சம்பளத்துல கழிச்சாங்க. ராவுல கரண்ட் வந்ததும் உக்காந்து முடிச்சுக் குடுத்தத யாரும் கணக்குல எடுக்கல. அண்ணே, எனக்கு நியமனக் கடிதமே தரல, முறைப்பாடு குடுக்கலாமா?

*

பதில்:
குடுக்கலாம் தங்கச்சி. சம்பளம் விழுந்த பேங்க் ஸ்டேட்மென்ட், மேனேஜர் அனுப்புன மெசேஜ் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துக்கங்க, வேலைய விடுறதுக்கு முன்னாடியே. விட்ட அன்னைக்கே ஒபிஸ் மெயில மூடிருவாங்க.