பலமநேர் ஆட்டுத்தோல், பேரணாம்பட்டு மண்டி: ஜிஎஸ்டி, வனத்துறை விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க

வணக்கம். ஆந்திராவில் பலமநேர், வி.கோட்டா கறிக்கடைகளில் உப்புப் போட்ட ஆட்டுத்தோலை வாங்கி, தமிழ்நாட்டில் உள்ள பேரணாம்பட்டு தோல் மண்டிக்கு ஏற்றும் வியாபாரம். ஜிஎஸ்டி பதிவு தமிழ்நாட்டில் மட்டும்தான். மயிரோடு உள்ள பச்சைத்தோல், எச்எஸ்என் (ஜிஎஸ்டியில் சரக்கு வகைக்கான குறியீட்டு எண்) 4103, வரி 5 சதம். செம்மறித்தோல் என்றால் 4102. இதுவரை குழப்பமில்லை.

சிக்கல் கறிக்கடைக்காரர் பக்கம். அவருக்குப் பதிவு கிடையாது. வெளிமாநிலத்துக்கு விற்றால் விற்றுமுதல் எவ்வளவானாலும் பதிவு வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 24ஆம் பிரிவு. வாங்கும் நாங்களே வண்டி கொண்டுபோய் எடுத்தாலும் சரக்கு தமிழ்நாட்டில்தானே இறங்குகிறது? ஆந்திராவிலும் ஒரு பதிவு எடுத்து அங்கே வாங்கி, இங்கே அனுப்பியதாகக் காட்டுவதுதான் வழியா? 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில்லை (சரக்கு ஏற்றிச் செல்ல ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) வாங்கும் எங்கள் பெயரில் போடுகிறோம். அது மட்டும் போதுமா?

அடுத்தது வனத்துறை. வீட்டு ஆட்டுத்தோலுக்கு 1972 வன உயிரினச் சட்டத்தில் உரிமம் தேவையில்லை. ஆனால் பக்கத்தில் கவுண்டின்யா சரணாலயம், சோதனையில் மான்தோலோ என்று சந்தேகப்படுகிறார்கள். மான் மயிர் உள்ளே பொந்தாக இருப்பதால் மடக்கினால் ஒடியும், ஆட்டு மயிர் வளையும். இதை ரோட்டில் நின்று யாருக்கு விளக்குவது? கால்நடை மருத்துவர் சான்று எடுத்து வைத்தால் ஏற்பார்களா, எந்த வாசகத்தில் கேட்க வேண்டும்?

தோல் எடையில் பாதிக்குக் கிட்ட உப்பு போட்டிருந்தாலும் வெயிலில் இரண்டு நாள் வண்டி நின்றால் மயிர் கழண்டு விடும், மண்டியில் கழிவு விலைதான். இந்த ரூட்டில் ஓட்டுபவர்கள் கையில் வைத்திருக்கும் காகிதங்கள் என்னென்ன என்று வரிசையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.