பொருள்: மாதிரி வீதமா, கூறெடுப்பு வீதமா? வியாழனுக்குள் முடிவு வேண்டும்

த. எழுதியது:
திறமூல இசைச் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறேன். வியாழன் இரவு மொழிபெயர்ப்பைப் பூட்டிவிடுவார்கள். 'சாம்பிள் ரேட்' மட்டும் இழுக்கிறது. 96 கிலோஹெர்ட்சில் வரும் பாட்டைப் போன் 48க்கு இறக்கி ஒலித்தால் செயலி எச்சரிக்கும்; அங்கே வரும் சொல். 'மாதிரி வீதம்' என்று போட்டேன். அக்கா படித்துவிட்டு, "எந்த மாதிரி வீதம்?" என்கிறார்.

கோ.:
மாதிரி துணிக்கடையில் காட்டுவது. இங்கே ஒலியலையை நொடிக்கு இத்தனை முறை அளந்து எண்ணாக்குகிறோம். குறுந்தட்டில் 44,100 முறை. காலத்தைக் கூறுபோடுவதால் 'கூறெடுப்பு வீதம்'. இன்னும் நல்லது 'மாத்திரை வீதம்'. கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் கொண்டு தொல்காப்பியர் அளந்தது ஒலியைத்தானே?

ந.:
காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் என்று நினைப்பார்கள். தவிர, மாத்திரை என்பது நீட்டம், இது எண்ணிக்கை.

கோ.:
மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரை என்று நுணுகிப் பார்த்த மரபு ஐயா நம்முடையது!

பெ.:
அப்படியே ஐகாரக்குறுக்கம் ஒன்றா, ஒன்றரையா என்றும் சொல்லிவிடுங்கள்.

(இதற்குப் பதினோரு மறுமொழிகள். தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். — மட்டுறுத்துநர்)

ந.:
சொல் கிடக்கட்டும், எச்சரிக்கை சரியாக வருகிறதா? கணினியில் ஒலிக்கருவியை ஒரே செயலிக்கு ஒதுக்கும் 'எக்ஸ்க்ளூசிவ்' முறையைப் போட்டு, யூஎஸ்பியில் வெளி டாக்கை (எண்ணை மீண்டும் ஒலியலையாக்கும் கருவி, DAC) செருகினால் 96 அப்படியே போகும், அந்த டாக் அதை ஏற்குமானால். புளூடூத்தில், உயர்தர ஒலிக்கான சுருக்கமுறையான எல்டாக்கே (LDAC) அதிகபட்சம் நொடிக்கு 990 கிலோபிட்தான். சுருக்காத குறுந்தட்டுத் தரத்துக்கே 1,411 வேண்டும். ஹெட்போன் புளூடூத்தில் இருக்கும்போதும் செயலி 96 குறையாமல் போகிறது என்றே காட்டினால் எந்தத் தமிழும் காப்பாற்றாது.

த.:
அதையும் நிரலாளர்களிடம் சொல்கிறேன். எச்சரிக்கையை இப்படி வைக்கிறேன்: "இந்தப் பாடல் 96 கிலோஹெர்ட்சில் வருகிறது, உங்கள் கருவி 48க்குக் குறைத்து ஒலிக்கிறது." கலைச்சொல்லே வேண்டாம். ஆனால் அமைப்புகள் பக்கத்துக்குத் தலைப்பு வேண்டுமே?

சி.:
'மாதிரியெடுப்பு வீதம்' என்று வையுங்கள். வகுப்பில் அப்படித்தான் நடத்துகிறேன், பிள்ளைகள் திணறவில்லை. அக்காவும் கேட்கமாட்டார்.

கோ.:
இசைச் செயலியில் எடுப்பு என்றால் பல்லவி! எடுப்பு, தொடுப்பு, முடிப்பு தெரியாதா?

பெ.:
உங்கள் கூறெடுப்பில் இருப்பது எந்த எடுப்பு?

கோ.:
அது வேறு. விரிவாக எழுதுகிறேன்.

த.:
சி. சொன்னதற்கே ஆதரவு அதிகம், ஏற்றிவிட்டேன். கோ. அவர்களின் மறுப்பைக் குறிப்பில் பதிந்திருக்கிறேன். அடுத்த வெளியீட்டுக்கு 'பிட் டெப்த்' பாக்கி; ஒவ்வோர் அளவையும் எத்தனை பிட்டில் எழுதுகிறோம், 16ஆ 24ஆ என்பது. 'பிட் ஆழம்' போதும்தானே?

கோ.:
முதலில் பிட் அல்ல, துண்மி. இரண்டாவது, 24 என்பது எதன் ஆழம்? கிணற்றினுடையதா?