அப்பத்தா அரிவாளுக்குப் புதுப் பிடி

குழு: அப்பத்தா வீடு
ஞாயிற்றுக்கிழமை

கண்ணன், காலை 7:10
[படம்]
அப்பத்தாவின் வெட்டரிவாள் பிடி பிளந்துவிட்டது. பூணில், அதாவது பிடி வாயில் இருக்கிற இரும்பு வளையத்தில், ஆரம்பித்துப் பாதிவரை விரிசல். நேற்று தேங்காய் உடைக்கும்போது அலகு ஆடியது. புதுப் பிடி போடணும். எதில் போடலாம், சொல்லுங்கள்.

செல்வி அத்தை, 7:14
கண்ணா, முதலில் அதை ஆத்தா கைக்கு எட்டாத இடத்தில் வை. பிடி கழன்றால் அலகு எங்கே பாயும் என்று சொல்ல முடியாது.

கண்ணன், 7:15
பரண்மேல் ஏற்றிவிட்டேன் அத்தை. அப்பத்தா காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

மீனா, 7:22
கடையில் பிளாஸ்டிக் பிடி போட்ட கத்தி வாங்கிக் கொடுத்துவிடலாமே? நான் மீன் ஆய்வதற்கு அதுதான் வைத்திருக்கிறேன். சோப்புப் போட்டுக் கழுவினால் வாடையே இல்லை.

பெரியப்பா, 7:31
மீனா, அது திருப்பாச்சேத்திப் பட்டறையில் அடித்தது. லாரி ஸ்பிரிங் பட்டை இரும்பு. அலகு உன் பிள்ளைகள் காலத்துக்கும் வரும். பிடி போனதற்கு அரிவாளையே மாற்றுவார்களா? பிடி போடுகிற ராசு எங்கே? அவன் சொல்லட்டும்.

ராசு சித்தப்பா, 7:48
இப்போதுதான் பார்த்தேன் அண்ணே. மீனா, உன் மீன் கத்திக்குப் பிளாஸ்டிக்தான் பொருத்தம். நாள் முழுக்க ஈரத்தில் கிடக்கிற கத்தி அது. மரமாக இருந்தால் ஈரத்தைக் குடித்து ஊறும், காயும், மறுபடி ஊறும். வாங்கும்போது இரும்பு பிடியின் கடைசிவரை போகிறதா என்று மட்டும் பார். சிலதில் பாதியோடு நின்றுவிடும், அந்த இடத்தில்தான் முறியும்.

அரிவாள் கதை வேறு. நறுக்குவது வேறு, ஓங்கி வெட்டுவது வேறு. ஓங்கி வெட்டினால் அந்த அடி திரும்பிக் கைக்குத்தான் வரும். மரம் அதில் கொஞ்சத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். எவர்சில்வர் பிடி போட்டால் மணிக்கட்டு விண்ணென்று தெறிக்கும், எண்ணெய்க் கை பட்டால் வழுக்கவும் செய்யும். வெட்டரிவாளுக்கு மரம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கண்ணா, விரிசலைக் கிட்டத்தில் வைத்து ஒரு படம் எடு.

கண்ணன், 8:02
[படம்]
உள்ளே மரம் கறுத்திருக்கிறது சித்தப்பா. கரி மாதிரி. இரும்பைச் சுற்றி மட்டும்தான்.

ராசு சித்தப்பா, 8:06
நினைத்தேன். பூண் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மரத்தின் துவர்ப்பும் துருவும் சேர்ந்தால் இப்படித்தான் மை போலக் கறுக்கும். துரு ஏற ஏற இரும்பு பருக்கும், உள்ளிருந்து மரத்தை நெம்பும். பிளந்தது வெட்டியதால் இல்லை, அலம்பி அப்படியே சாய்த்து வைத்ததால்.

செல்வி அத்தை, 8:09
ஆத்தா கழுவிக் கிணற்றடியில்தான் வைப்பார். எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை.

மீனா, 8:15
சரி, மரம் என்றால் எந்த மரம்? தோதகத்தியில், அதுதான் ஈட்டி மரத்தில், போட்டால் பார்க்க அழகாக இருக்குமே.

ராசு சித்தப்பா, 8:27
நல்ல மரம்தான். பழைய கட்டில் கால் துண்டு ஏதாவது கிடந்தால் போடலாம். புதிதாக வெட்டியதை வாங்குவது என்றால் அனுமதி, காகிதம் என்று போகும். ஒரு பிடிக்கு எதற்கு?

தேக்கும் வேண்டாம். கதவுக்கும் சன்னலுக்கும் அதை விட்டால் ஆளில்லை, ஆனால் அடிக்கிற வேலைக்கு அது ஆகாது. வாட்டத்தோடு, நார் ஓடுகிற திசையிலேயே, பிளந்துவிடும்.

என் கைக்குப் பிடித்தது இரண்டுதான். கருவேலம், இல்லாவிட்டால் புளி. புளியில் நார் ஒன்றோடொன்று பின்னி ஓடும், லேசில் பிளக்காது. கறிக்கடைக் கட்டை அதில்தான் போடுகிறார்கள். ஆனால் வைரம் பாய்ந்த துண்டு கிடைக்கணும். மேலே இருக்கிற வெளுத்த பகுதியில் பூச்சி விழுந்துவிடும்.

பெரியப்பா, 8:33
ஐயாவிடம் மான்கொம்புப் பிடி போட்ட ஒரு சூரிக்கத்தி இருந்தது. கையில் எப்படி நிற்கும் தெரியுமா! அந்த மாதிரி ஒன்று போட முடியாதா?

மீனா, 8:36
பெரியப்பா, அதெல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்தில் வரும். காட்டில் தானாக உதிர்ந்த கொம்பை எடுத்து வைத்தாலும் வழக்குதான்.

பெரியப்பா, 8:38
சரி சரி, வேண்டாம். மாட்டுக் கொம்பு?

ராசு சித்தப்பா, 8:44
எருமைக் கொம்பு போடலாம் அண்ணே, அதற்குத் தடை இல்லை. ஆனால் அதுவும் ஈரத்துக்கும் வெயிலுக்கும் கோணும், வண்டு அரிக்கும். வெற்றிலைப் பெட்டிக்குள் இருக்கிற சின்னக் கத்திக்கு அழகு. கிணற்றடியில் கிடக்கிற அரிவாளுக்கு வேண்டாம்.

கண்ணன், 8:50
சித்தப்பா, கண்மாய்க் கரை முழுக்கச் சீமைக் கருவேலம்தான். அதில் ஒரு கிளையை வெட்டிக் கொடுக்கட்டுமா?

செல்வி அத்தை, 8:51
சீச்சீ, அந்த முள்ளையா?

ராசு சித்தப்பா, 9:03
அத்தை சொல்கிறாளே என்று தள்ளிவிடாதே. நிலத்தடி நீருக்கும் ஆடு மாட்டுக்கும் அது செய்கிற கேடு வேறு பேச்சு. மரமாகப் பார்த்தால் கனமும் உறுதியும் உண்டு, காய்ந்தாலும் அதிகம் சுருங்காது. நேரான நீளத் துண்டுதான் கிடைக்காது, ஒரு சாண் பிடிக்கு அது போதுமே.

ஆனால் பச்சையாக வெட்டி உடனே போட முடியாது. இரண்டு முனையிலும் மெழுகோ பெயின்டோ பூசி, நிழலில் மாதக்கணக்கில் காயணும். பச்சை மரத்தில் பூண் அடித்தால், காய்ந்ததும் மரம் இளைத்துப் பூண் தானாகக் கழன்று விழும். அதுவரை ஆத்தா பொறுப்பாரா?

கண்ணன், 9:04
பொறுக்க மாட்டார்.

பெரியப்பா, 9:11
மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஐயாவின் வண்டிச் சக்கரம் ஒன்று கிடக்குமே? வெளி வட்டையைக் கறையான் தின்றது. ஆரக்கால் எல்லாம் கருவேலம்.

ராசு சித்தப்பா, 9:12
அண்ணே!! அதை மறந்தே போனேன். அதைவிட நல்ல மரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. நேர் வாட்டம், வைரம், இத்தனை வருஷம் காய்ந்தது. கண்ணா, ஓடிப்போய்ப் பார். ஆரக்காலைத் தட்டினால் கணீரென்று கேட்கணும். டொக்கென்று கேட்டால் உள்ளே உளுத்திருக்கிறது, அதை விடு.

செல்வி அத்தை, 9:15
ஐயா வண்டியை அறுக்கவா போகிறீர்கள்? எனக்கு மனசு ஒப்பவில்லை.

பெரியப்பா, 9:19
செல்வி, அங்கேயே கிடந்தால் கறையானுக்குத்தான் போகும். ஆத்தா தினமும் கையில் பிடிக்கிற பொருளாக மாறட்டுமே.

செல்வி அத்தை, 9:26
ஆத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அறுங்கள். அவர் சரி என்றால் எனக்கும் சரி.

கண்ணன், 9:41
[படம்]
மூன்று ஆரக்கால் கணீரென்று இருக்கிறது சித்தப்பா. அப்பத்தாவிடம் கேட்டேன். "எடுத்துக்கோ, பிடியை மட்டும் பழசு மாதிரி ஒல்லியாப் போடாதே, விரல் மடங்க மாட்டேங்குது" என்றார்.

மீனா, 9:45
கண்ணா, இதுதான் முக்கியம். அப்பத்தாவுக்கு விரல் மூட்டில் வலி இருக்கிறது. ஒல்லிப் பிடியை இறுக்கிப் பிடிக்கத்தான் அவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது. கொஞ்சம் தடிமனாக இருந்தால் விரலை முழுக்க மடக்க வேண்டாம்.

ராசு சித்தப்பா, 9:58
நல்லவேளை கேட்டாய். நான் பழைய அளவிலேயே சீவியிருப்பேன். உருண்டையாகவும் வேண்டாம், வெட்டும்போது கைக்குள் சுழலும். முட்டை வடிவில் சீவுகிறேன். கையில் பிடித்ததுமே அலகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண் பார்க்காமலே தெரியும். அடிப்பக்கம் சுண்டுவிரலுக்குக் கீழே கொஞ்சம் புடைப்பு விடுகிறேன், ஓங்கும்போது நழுவாது. வார்னிஷ் அடிக்க மாட்டேன். வியர்வைக் கைக்கு வழவழப்பு ஆகாது.

கண்ணா, ஆத்தா கையை ஒரு தாளில் வைத்து வரைந்து அனுப்பு. பழைய பிடியை அவர் பிடிக்கிற மாதிரி ஒரு படமும்.

கண்ணன், 10:02
சரி சித்தப்பா. இரும்பை உள்ளே எப்படி இறுக்குவீர்கள்? பசையா?

ராசு சித்தப்பா, 10:16
பழைய முறைதான். கொஞ்சம் சின்னதாகத் துளை போட்டு, இரும்பின் வாலை மட்டும் காய்ச்சி உள்ளே இறக்கினால் தன் வழியைத் தானே சுட்டுக்கொள்ளும். அப்புறம் அரக்கை உருக்கி ஊற்றி அடைத்துவிட்டால் தண்ணீர் இறங்க வழியில்லை. காய்ச்சும்போது அலகில் ஈரச் சாக்கு சுற்றியிருக்கணும். சூடு ஏறி வெட்டுவாயில் நீலம் ஓடினால் பட்டறைக்காரர் வைத்த பதம் போய்விடும். அதனால் நீ வீட்டில் முயற்சி செய்யாதே, என்னிடம் கொண்டுவா.

மீனா, 10:20
தேங்காய் எண்ணெய் பூசினால் போதுமா சித்தப்பா?

ராசு சித்தப்பா, 10:29
அது காயாது மீனா, பிசுபிசுவென்று நின்று தூசியைப் பிடிக்கும். ஆளி விதை எண்ணெய் தேய்த்தால் மரத்துக்குள் இறங்கி இறுகிவிடும். நானே தேய்த்துத் தருகிறேன், ஆறு மாதம் கழித்துக் கண்ணன் ஒரு தடவை தேய்க்கட்டும். தேய்த்த துணியை மட்டும் சுருட்டிப் போட்டுவிடாதே கண்ணா. காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடு.

செல்வி அத்தை, 10:33
ஆத்தா இன்னும் அரிவாளைத் தேடிக்கொண்டு இருக்கிறாரா?

கண்ணன், 10:35
பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிவிட்டார் அத்தை. புதன்கிழமை முதல் பஸ்ஸில் காரைக்குடி வருகிறேன் சித்தப்பா. மூன்று ஆரக்காலையும் கொண்டுவரட்டுமா?

ராசு சித்தப்பா, 10:36
மூன்றையும் கொண்டுவா. மீதியில் உங்கள் களைக்கொத்துக்கும் போட்டுவிடலாம். அலகைச் சாக்கில் நன்றாகச் சுற்றிக் கட்டு, பஸ்ஸில் யார் காலிலும் படக்கூடாது.